நாய்க்கு வலிக்காது என்று யார் சொன்னது?

"மனிதருக்கே லேப்ராஸ்கோப்பி எட்டாத ஊரில் நாய் வயிற்றுக்குள் கேமரா எதற்கு? கிழித்துத் தைத்தால் போதாதா?" சிவகங்கைப் பக்கம் நாய்க் கருத்தடை என்று பேச்செடுத்தாலே இந்த வாதம் வந்து நிற்கிறது. சொல்பவர்கள் விவரம் தெரிந்தவர்கள், அவர்கள் பேச்சை ஊர் நம்புகிறது. அதனால்தான் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

மனிதருக்கு இல்லாதது நாய்க்கு எதற்கு என்கிறார்கள். உலகில் வெறிநோயால் சாவோரில் 36 சதவீதம் பேர் இந்தியாவில்தான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கருத்தடைக்குப் பிடிக்கும் நாய்க்குத் தடுப்பூசியும் போட வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டு விதி. அந்த ஊசி காப்பது தெருவில் விளையாடும் நம் பிள்ளையைத்தான். இதைப் போய் மனிதருக்கு எதிரான செலவு என்பது அறியாமை.

பழைய முறையே போதும் என்கிறார்கள். வயிற்றைத் திறந்து, சினைப்பையைப் பிடித்திருக்கும் தசைநாரை இழுத்து வெளியே கொண்டுவரும்போதுதான் பெட்டை நாய்க்குப் பெரும் வலி. லேப்ராஸ்கோப்பியில் கரியமில வாயுவால் வயிற்றை உப்பச் செய்து, அரை சென்டிமீட்டர் அளவுத் துளைகள் வழியே உள்ளேயே வெட்டி அடைக்கிறார்கள். 2005இல் அமெரிக்காவில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டார்கள். வயிறு திறந்த 10 நாய்களில் 9க்குக் கூடுதல் வலிமருந்து தேவைப்பட்டது. லேப்ராஸ்கோப்பி உதவியோடு செய்த நாய்களில் ஒன்றுக்குக்கூடத் தேவைப்படவில்லை. 2009இல் சிறிய நாய்களில் பார்த்தபோது, அறுவைக்குப் பின் நடமாட்டம் திறந்த முறையில் 62 சதவீதம் குறைந்தது, துளை முறையில் 25 சதவீதம்தான். இதற்குப் பிறகும் எதைக் கொண்டு "போதும்" என்கிறார்கள்?

கேமராவில் ரத்தக்கசிவு தெரியாது என்று பயமுறுத்துவது இன்னும் மோசம். கேமரா ரத்தக்குழாயைப் பெரிதாக்கித் திரையில் காட்டுகிறது. திறந்த முறையின் சிறு வெட்டு வழியே தொட்டுத் தேடும் கைக்கு அந்த வசதி கிடையாது.

இவர்கள் மறந்தே போனது தெருவை. வீட்டு நாய்க்குக் கழுத்துப்பட்டி மாட்டி, தையலை நக்கவிடாமல் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. தெருநாயைப் பொதுவாகச் சில நாளில் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். அது செம்மண் புழுதியில் படுக்கும், சாக்கடையோரம் புரளும். நீளத் தையல் பிரிந்த ஒரு நாயைத் தெரு பார்த்துவிட்டால், அடுத்த முறை நாய் பிடிக்கும் வண்டி வரும்போது சோறு போடுகிறவர்களே நாயை ஒளித்துவைப்பார்கள். வீட்டில் வளர்ப்பவர்களோ "வயிற்றைக் கிழிக்கிறதா?" என்று அஞ்சி விட்டுவிடுவார்கள். குட்டிகள் சாக்கில் கட்டப்பட்டுக் கண்மாய்க்கரைக்குப் போகும். நாய் பெருகிவிட்டது என்று முதலில் கூச்சலிடுவதும் இதே வாதக்காரர்கள்தான்.

செலவில் மட்டும் அவர்கள் சொல்வதில் பொருள் உண்டு. கருவிகளுக்கு லட்சக்கணக்கில் ஆகும், பழகவும் நாளாகும். ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் அதை வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஒரத்தநாடு, தேனி கால்நடை மருத்துவக் கல்லூரிகள் நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை. அங்கே நம் மருத்துவர்களுக்குப் பயிற்சி தரலாம். கருவி வரும்வரை, பழகிய கை கொக்கி போன்ற எளிய கருவியால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டிலேயே வேலையை முடிக்கும். வெட்டு எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது என்பதே இதன் அடிப்படை. "கிழித்துத் தைத்தால் போதும்" என்பவர் அந்த அடிப்படையையே மறுக்கிறார்.

கொன்று தீர்க்கும் வழியையும் பார்த்தாகிவிட்டது. சென்னை மாநகராட்சி பல தலைமுறை நாய்களைக் கொன்று பார்த்து, 1996இல் கருத்தடைக்கு மாறியது. அறுவைதான் வழி என்றான பின், அதை நன்றாகச் செய்வதற்கு ஏன் தடை?

வீட்டில் பெட்டை நாய் வைத்திருப்பவர்கள் இந்த வாதத்தைக் காதில் வாங்காதீர்கள். அடுத்த ஈற்றுக்கு முன் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். எவ்வளவு சிறிய வெட்டில் செய்வீர்கள் என்று கேளுங்கள். நாம் கேட்கத் தொடங்கினால்தான் அந்தக் கருவி நம் மாவட்டத்துக்கு வரும்.