புரோக்கர் யாருடைய ஆள்?

முதல் வீடு வாங்கக் கிளம்பும் குடும்பத்துக்கு, வீட்டுக்கு முன்னால் அறிமுகமாகிறவர் புரோக்கர்தான். "நம்மகிட்ட விட்டுடுங்க சார், எல்லாம் பாத்துக்கலாம்" என்பார். அந்த "நம்ம"வில்தான் சிக்கலே இருக்கிறது.

புரோக்கர் என்றாலே ஏமாற்றுக்காரர் என்று சொல்ல வரவில்லை. (அந்த வேலையை நம் சினிமாவே போதுமான அளவுக்குச் செய்துவிட்டது, பாவம்.) எந்தத் தெருவில் எந்த வீடு விலைக்கு வருகிறது, அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறார்களா, யார் அவசரத்தில் விற்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. அந்தத் தகவலுக்கும் அலைச்சலுக்கும் கூலி கொடுப்பது நியாயம். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அவர் யாருக்காக வேலை செய்கிறார்?

கொஞ்சம் கணக்குப் போடலாம். மேடவாக்கம் பக்கம் 60 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட். வங்கி இந்த அளவு வீட்டுக்கு அதிகபட்சம் 80 சதவீதம்தான் கடன் தரும். ஆக 12 லட்சம் கையிலிருந்து. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம் என்றால் 5.4 லட்சம். அதைக் கடனில் சேர்க்க மாட்டார்கள். புரோக்கர் கமிஷன் இடத்துக்கு இடம் மாறும், 1 சதவீதம் என்றே வைப்போம், 60,000. கூட்டினால் 18 லட்சம். பி.எஃப். பணம், அம்மாவின் நகை, சீட்டுப் பணம் எல்லாம் சேர்ந்துதான் இந்த 18 லட்சம் ஆகிறது.

புரோக்கர் பல சமயம் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவார். இந்த வீட்டில் அவருக்கு 1,20,000. வாங்குபவர் பேரம் பேசி 3 லட்சம் குறைத்தால் புரோக்கருக்கு நஷ்டம் 6,000 ரூபாய்தான். ஆனால் பேரம் முறிந்தால் 1,20,000-மும் போச்சு! அதனால் விலையைப் பற்றி அவருக்குப் பெரிய கவலை இல்லை, சீக்கிரம் முடிய வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பேரில் யார் இளகுவார்களோ அவர்களை அமுக்குவார். முதல் வீடு வாங்குகிறவர் பயத்திலும் ஆசையிலும் இருப்பார், இளகுவது பெரும்பாலும் அவர்தான். "இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க, நாளைக்கே டோக்கன் போடறாங்க" என்ற வசனம் பிறப்பது இங்கேதான். அந்த இன்னொரு பார்ட்டியை இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

டோக்கனுக்கு அடுத்து ஒப்பந்தம். முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று புரோக்கர்கள் சொல்வதுண்டு. தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது 2012 டிசம்பரிலிருந்து கட்டாயம். பிறகு, "நம்ம வக்கீல் ஒருத்தர் இருக்காரு" என்று இன்னொரு "நம்ம" வரும். வேண்டாம். அந்த வக்கீலுக்கு அடுத்த கேஸைக் கொண்டுவருவதும் இதே புரோக்கர்தான். வங்கியின் வக்கீல் பார்த்தாரே என்று சும்மா இருப்பதும் சரியில்லை, அவர் பார்ப்பது வங்கியின் 48 லட்சத்தை. வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறை இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் அதில் தெரிவது பதிவான பத்திரங்கள் மட்டும். பதிவு செய்யாத உயிலும் பாகம் கேட்டு நடக்கும் வழக்கும் அதில் இருக்காது. மூலப் பத்திரத்திலிருந்து வாரிசுச் சான்றிதழ் வரை வரிசையாகப் படித்துப் பார்க்கத் தனியாக ஒரு வக்கீல் வேண்டும்.

சட்டம் காப்பாற்றாதா? 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 9-வது பிரிவு புரோக்கர்களைப் பதிவு செய்துகொள்ளச் சொல்கிறது, தமிழ்நாட்டுக்கான விதிகளும் 2017-ல் வந்துவிட்டன. ஆனால் அது ஆணையத்தில் பதிவான புதுத் திட்டங்களில் வீடும் மனையும் விற்றுக் கொடுப்பவர்களுக்குத்தான். ஒருவர் குடியிருந்த பழைய வீட்டை இன்னொருவருக்கு முடித்துக் கொடுக்க எந்தப் பதிவும் தேவையில்லை. நடுத்தரக் குடும்பங்களில் பாதிப் பேர் தேடுவது அந்த மாதிரி வீட்டைத்தானே?

மழைத் தண்ணீர் விஷயமும் அப்படித்தான். 2015-லும் 2023-லும் சென்னையில் எந்தத் தெருவில் எத்தனை அடி நின்றது என்று புரோக்கருக்கு நன்றாகத் தெரியும். கேட்டால் "லைட்டா நிக்கும் சார்" என்பார். அதே தெருமுனையில் இஸ்திரி போடுபவரைக் கேட்டால் இடுப்பைத் தொட்டுக் காட்டுவார். அவருக்குத்தான் கமிஷன் கிடையாதே!

இதற்கு வழி, கமிஷன் முறையையே மாற்றிப் பேசுவது. வாங்குபவர் முதல் நாளே இரண்டு விஷயம் தெளிவாகக் கேட்டுவிட வேண்டும். விற்பவரிடமும் கமிஷன் வாங்குகிறீர்களா என்பது ஒன்று. சதவீதம் வேண்டாம், பதிவு அன்று 50,000 ரூபாய், 60 லட்சத்திலிருந்து எவ்வளவு குறைகிறதோ அதில் 5 சதவீதம் கூடுதல், சம்மதமா என்பது இன்னொன்று. 3 லட்சம் குறைந்தால் அவருக்கு 15,000 சேர்ந்து 65,000. விற்பவர் பக்கம் 3,000 போனாலும் பழைய கணக்கைவிட அவருக்கு லாபம்தான். வாங்குபவருக்கோ 3 லட்சம் மிச்சம். இதைக் கேட்டதும் பல புரோக்கர்கள் முறைப்பார்கள், "இதெல்லாம் வழக்கமில்லையே சார்" என்பார்கள். லோன் ரெடி, காகிதம் ரெடி, இழுத்தடிக்காத பார்ட்டி என்று தெரிந்தால் ஒத்துக்கொள்பவர்களும் உண்டு. ஒத்துக்கொண்டால் அதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுவது நல்லது.