முதல் தொழிற் தகைமை நேரடிப் பயிற்சியில்தான்: கேகாலைத் தோட்டப் பிள்ளைகள் குறித்து எமது நிலைப்பாடு

சாதாரண தரப் பெறுபேறு வெளியானதும் யட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுப்பிட்டியப் பக்கத்துத் தோட்டங்களுக்குத் துண்டுப் பிரசுரங்கள் வந்துவிடுகின்றன. வீட்டிலிருந்தே டிப்ளோமா, மாதம் இவ்வளவு கட்டினால் போதும், வெளிநாட்டு வேலை நிச்சயம். பிள்ளையைப் பயிற்சி நிலையத்துக்கு அனுப்புவதா, ஒன்லைனில் சேர்த்துவிடுவதா என்று பெற்றோர் எங்களைக் கேட்கிறார்கள். இம்மாவட்டத் தோட்டங்களில் கல்விப் பணி செய்யும் அமைப்பு என்ற வகையில் எங்கள் பதிலைப் பகிரங்கமாகவே சொல்கிறோம்.

பள்ளிக்கூடத்தை விட்டு வரும் பிள்ளை பெறும் முதல் தொழிற் தகைமை நேரடிப் பயிற்சியின் மூலமே கிடைக்க வேண்டும். ஒன்லைன் படிப்பு அதற்குத் துணை நிற்கட்டும். ஏற்கெனவே வேலையில் இருப்பவர் மேலே படிக்க அதைவிட நல்ல வழி பல வேளை கிடையாது. ஆனால் நேரடிப் பயிற்சிக்குப் பதிலாக ஒன்லைன் வகுப்பைக் கொடுத்துவிட்டு, தோட்டத்துக்கும் வாய்ப்புத் தந்துவிட்டோம் என்று அரசோ தனியாரோ கணக்குக் காட்டுவதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

தேசிய தொழிற் தகைமை முறையில், அதாவது எல்லோரும் என்.வி.கியூ. என்று சொல்வதில், 7 மட்டங்கள் உள்ளன. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். நம் பிள்ளைகளுக்கு முக்கியமானவை 3ஆம், 4ஆம் மட்டங்கள். 4ஐ முடித்தவர் உயர்தரம் சித்தியடையாமலேயே 5ஆம் மட்டத்துக்குப் போகலாம். சாதாரண தரத்தோடு படிப்பு நின்றுபோன பிள்ளை பட்டம் வரை ஏற ஒரு படிக்கட்டு இந்த நாட்டில் இருக்கிறது என்பது பல தோட்டங்களில் இன்னும் தெரியாத செய்தி. ஆனால் அந்தச் சான்றிதழ் செய்துகாட்டும் திறமைக்குத்தான் தரப்படுகிறது. மின்னிணைப்பு படித்தவர் மதிப்பீட்டாளரின் கண் முன்னால் வயர் இழுத்து, பலகை பொருத்திக் காட்ட வேண்டும். வேலைத்தளத்தில் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்திருக்கவும் வேண்டும். காய்ச்சி ஒட்டுவதையும் குழாய் பொருத்துவதையும் நோயாளியைத் தூக்கி உட்கார வைப்பதையும் போன் திரையில் பார்க்கலாம், பழக முடியாது.

அடுத்தது வீடு. ஒரு லயக் காம்பராவில் ஐந்தாறு பேர், பக்கத்துக் காம்பராவின் ரேடியோ, ஒரே ஒரு போன். அந்தப் போனும் அப்பாவோடு காலையில் வெளியே போய்விடும். பள்ளிகள் மூடிக்கிடந்த 2020, 2021இல் சிக்னல் தேடி மலையேறிய பிள்ளைகளை நாடே பார்த்தது. 2022இல் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம் வரை போனது. கேகாலைக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே பெரும்பகுதி இறப்பர். மழை பிடித்தால் பால் வெட்டு இல்லை, பால் வெட்டு இல்லாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை. நாட்சம்பளம் 1,000 ரூபாயைத் தொடுவதற்கே 2021 வரை காத்திருந்த குடும்பங்கள் இவை. செலவைச் சுருக்கும்போது முதலில் நிற்பது டேட்டாதான். மழை மாதங்களில் படிப்பு அறுந்துபோகும்.

மழைக் காலத்தில் பஸ்ஸும்தானே ஓடாது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புளத்கொஹுப்பிட்டியக் களுபஹனத் தோட்டத்திலும் மண் சரிந்து லயங்களையும் வீடுகளையும் மூடியதை இம்மாவட்டம் மறக்கவில்லை. அதனால்தான் பயிற்சி நிலையங்களோடு விடுதியும் கேட்கிறோம்.

ஒன்லைனுக்காகச் சொல்லப்படும் வாதங்களில் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது, பெண் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாதுகாப்பாகப் படிக்கலாம் என்பது. எங்கள் உறுப்பினர்களிடையேயும் இதில் கருத்து வேறுபாடு உண்டு. கடைசி பஸ் போய்விட்டால் என்ன செய்வது, தெரியாத ஊரில் எங்கே தங்குவது என்று அம்மாமார் பயப்படுவதைப் பழைமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் வீட்டில் போனோடு உட்காரும் மகள் படிக்கிறாள் என்று எந்த வீட்டிலும் எண்ணுவதில்லை. அவள் சும்மா இருக்கிறாள் என்றுதான் எண்ணுகிறார்கள். தண்ணீர் அவள் தலையில், அடுப்பு அவள் தலையில், தம்பி தங்கையும் அவள் பொறுப்பு. வகுப்பு அடுப்படியிலேயே முடிந்துவிடும். பயிற்சி நிலையத்துக்குப் போகிறவளுக்கு அந்தச் சில மணி நேரமாவது அவளுடையதாக இருக்கும். பாதுகாப்பான பெண்கள் விடுதியும் பஸ் சீசனும் கொடுப்பது அரசின் வேலை. அதைச் செய்யாமல் அவளை வீட்டிலேயே இரு என்பது தீர்வாகாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய தடை மொழி. இம்மாவட்டப் பயிற்சி நிலையங்களில் பாடநெறிகள் பெரும்பாலும் சிங்களத்தில்தான். நம் பிள்ளைகள் சிங்களம் சரளமாகப் பேசுவார்கள். வினாத்தாளைக் கண்டால் திணறுவார்கள். மலையகம் என்றால் நுவரெலியா என்று கொழும்பில் முடிவெடுப்பவர்கள் நினைக்கிறார்கள். ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருப்பது நல்லதுதான். யட்டியாந்தோட்டைப் பிள்ளை அங்கே தினமும் போய்வர முடியுமா? அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை தேசிய மொழிகளில் ஒன்றில் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமை தொழிற் பட்டறை வாசலில் நின்றுவிடக் கூடாது.

ஆகவே தொழிற் பயிற்சி அதிகாரசபை இம்மாவட்டத்தில் மின்னிணைப்பு, குழாய் பொருத்தல், தாதி உதவியாளர், தையல் போன்ற பாடநெறிகளையேனும் தமிழில் தொடங்க வேண்டும். பாடத்தின் எழுத்துப் பகுதியைத் தமிழில் ஒலிப்பதிவாகவும் குறைந்த டேட்டாவில் இறங்கும் கோப்பாகவும் தந்து, செய்முறையை வார இறுதியில் நடத்தும் கலப்பு முறையை நாங்கள் ஆதரிக்கிறோம். 2020இல் பல்கலைக்கழக மாணவருக்கு டேட்டாக் கட்டணமின்றி வகுப்பு நடத்த வழி செய்யப்பட்டது. தொழிற்கல்வி மாணவருக்கும் அதே சலுகை வேண்டும். பல ஆண்டு இறப்பர் வெட்டியவருக்கும் தொழிற்சாலையில் நின்றவருக்கும் முன்னனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் ஏற்பாடு என்.வி.கியூ. முறையிலேயே இருக்கிறது; அதைத் தோட்டத்துக்குக் கொண்டுவரத் தோட்டக் கம்பெனிகள் முன்வர வேண்டும்.

கொழும்புக் கடைகளில் நிற்கும் நம் பையன்களுக்கு வேறு ஆலோசனை. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையத்தில் மென்பொருள் பயிற்சியை இலவசமாகத் தருகிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் 2000இலிருந்து நடக்கிறது. திறந்த பல்கலைக்கழகம் 1980இலிருந்து இருக்கிறது. கடை மூடிய பிறகு படிக்க இவை உதவும். தயங்காமல் சேருங்கள்.

பெற்றோருக்கு: தொழிற் பயிற்சி தரும் எந்த நிறுவனமும் 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்க வேண்டும். நிறுவனத்தின் பதிவு வேறு, அந்தப் பாடநெறிக்கான தர அங்கீகாரம் வேறு, இரண்டையும் கேளுங்கள். என்.வி.கியூ. எந்த மட்டம் என்று எழுத்தில் வாங்குங்கள். சீட்டுக் காசை எடுக்கும் முன்பே, நகையை அடகு வைக்கும் முன்பே ஆணைக்குழுவிடம் விசாரியுங்கள். பதிவிலக்கம் காட்டாத இடத்தில் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.