ஆயிரம் ரூபாவோட போகட்டும்

போன திரையிடலுக்கு வந்தவர்கள் பலர், சவுண்ட் பொக்ஸ் ஏன் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தது என்று கேட்டீர்கள். அப்போது 'ட்ரஃபிக்' என்று சொல்லிச் சமாளித்துவிட்டோம். ஒரு வகையில் அது பொய்யில்லை.

எங்களில் ஒருத்தியின் அப்பா கொட்டாஞ்சேனையில் ஓட்டோ ஓடுறார். ஹயர் காசு வாங்காமல், வெள்ளவத்தையில் இருந்து அந்தப் பொக்ஸை ஏற்றித் தர வந்தவர். காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்குற ஒழுங்கைகள் எப்படியென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் அடுக்குமாடி, மறுபக்கம் கட்டிக்கொண்டிருக்கிற அடுக்குமாடி. அப்படியான ஒன்றில் அங்கிள் ஓட்டோவை ஓரங்கட்டினார். நாங்கள் மூன்றாம் மாடியில் இருந்து பொக்ஸைத் தூக்கிக்கொண்டு இறங்க ஒரு கால் மணித்தியாலம் போயிருக்கும். வந்து பார்த்தால் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் எழுதி முடிக்கிற நிலையில் நிற்கிறார். வாகனம் தரிக்கத் தடை செய்த இடமாம். ஆயிரம் ரூபா.

எங்கே போர்ட் என்று கேட்டோம். அவர் ஒழுங்கை முகப்பைக் காட்டினார். போய்ப் பார்த்தோம். கம்பம் இருந்தது. கம்பத்தில் ஏ.எல். கெமிஸ்ட்ரி டியூஷன் பெனர் ஒன்று கட்டியிருந்தது. பெனருக்குப் பின்னால், மதில் பக்கம் திரும்பின மாதிரி, வட்டமான போர்டின் ஒரு ஓரம் தெரிந்தது. றோட்டோரக் கோடு? குழாய் போட வெட்டி மூடின இடம் முழுக்கப் புதுத் தார். கோடு அந்தத் தாருக்கு முன்னமே முடிந்துவிட்டது. (உண்மையைச் சொல்ல வேணும்: அந்த மாதிரிக் கம்பங்களில் நாங்களும் நோட்டீஸ் ஒட்டினவர்கள்தான். அந்தப் பாவத்தில் எங்களுக்கும் பங்கு இருக்கு.)

நாங்கள் வாய் திறக்க முதல் அங்கிள் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தத் தாளில் அச்சடித்த பகுதியை விடுங்கள், கையால் எழுதினது முழுக்கச் சிங்களம். அங்கிள் சிங்களம் நல்லாப் பேசுவார், எங்கள் எல்லாரையும் விட நல்லா. ஆனால் அந்த வேகத்தில் எழுதின கையெழுத்தை அவரால் வாசிக்க முடியாது. என்ன எழுதியிருக்கு என்று அவர் கேட்கவும் இல்லை.

"ஏன் அங்கிள் சைன் பண்ணினீங்க?"

"விடுங்க பிள்ளைகள். ஆயிரம் ரூபாவோட போகட்டும். கோர்ட்டுக்குப் போனா ஒரு நாள் ஹயர் போயிடும்."

அவர் கணக்குப் பிழையில்லை. நடைமுறையைப் பாருங்கள். லைசன்ஸை எடுத்துக்கொண்டு தற்காலிகத் தாள் ஒன்றைத் தருகிறார்கள். 14 நாளுக்குள் தபாற்கந்தோரில் காசைக் கட்டி, பற்றுச்சீட்டைக் கொண்டுபோய் லைசன்ஸைத் திருப்பி எடுக்கலாம். குற்றம் செய்யவில்லை என்று நினைக்கிறவர் கட்டாமல் விடலாம், அது அவருடைய உரிமை. அப்படி விட்டால் விஷயம் நீதிவான் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே 'நான் சுற்றவாளி' என்று சொல்லலாம். சொன்னால் இன்னொரு தவணை, பிறகு இன்னொன்று. ஓட்டோக்காரருக்கு லைசன்ஸ் என்பது அடையாள அட்டை மாதிரி பேர்ஸில் சும்மா கிடக்கிற சாமான் இல்லை, அதுதான் அவருடைய சோறு. குற்றத்தை ஒப்புக்கொள்ள ஆயிரம் ரூபாவும் ஒரு கியூவும் போதும். மறுக்கிறதென்றால் பல நாள் உழைப்புப் போகும். இப்படி ஒரு தராசில் யார் மறுப்பார்?

2025இல் கவ்பே வந்தது. வீதித் தண்டப்பணத்தையும் போனிலேயே கட்டுகிற வசதி படிப்படியாக வருது. நல்ல விஷயம், தபாற்கந்தோர் தேடி அலையத் தேவையில்லை. ஆனால் லேசாகினது கட்டுறது மட்டும்தான். மறுக்கிறதுக்கு இன்னும் அதே நீதிமன்ற வாசல், அதே வாங்கு.

போர்ட் சரியில்லை என்பது சாட்டு மட்டும்தானா? இங்கிலாந்தில் 'டேவிஸ் எதிர் ஹீட்லி' என்று ஒரு வழக்கு 1971ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் இருக்கு. நடு றோட்டில் இருந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டியதாக ஒரு சாரதி குற்றவாளியானார். ஆனால் அந்தக் கோடு ஒழுங்குவிதியில் சொன்ன வடிவத்தில் போடப்படவில்லை. பார்த்தால் அர்த்தம் விளங்கும்தான், அது போதாது என்றது நீதிமன்றம். சட்டம் சொன்ன குறி இல்லையென்றால் அதை மீறின குற்றமும் இல்லை. நாங்கள் இதை வாசித்துவிட்டுத் துள்ளிக் குதித்தோம். பிறகுதான் மற்றதும் கண்ணில் பட்டது: சண்டர்லாண்ட் நகரத் தரிப்பிடக் குறிகள் பற்றி 2011இல் அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம், சின்னச் சின்னக் குறைகளுக்காக முழு வலயத்தையும் செல்லாது என்று சொல்ல ஏலாது என்றது. ரெண்டையும் சேர்த்து வாசித்தால் கேள்வி இதுதான்: ஒரு சாதாரண சாரதிக்கு அந்த இடத்தில் தடை இருக்கென்று தெரிந்திருக்குமா? தேய்ந்த கோடு ஒரு கதை. டியூஷன் பெனருக்குப் பின்னால் மதிலைப் பார்த்து நிற்கிற போர்ட் வேற கதை. இங்கிலாந்துத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது என்பது தெரியும். ஆனால் எங்களுக்கும் 1987ஆம் ஆண்டின் வீதிக் குறிகள் பற்றிய ஒழுங்குவிதிகள் இருக்கு. போர்ட் எப்படி இருக்கவேணும் என்று அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது. சாரதி மட்டும்தான் அதற்குக் கட்டுப்பட்டவரா?

அதே 1987இல்தான் 13ஆவது திருத்தம் வந்து, தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரையில் சேர்ந்தது. சிங்களம் நிர்வாக மொழியாக இருக்கிற இடத்திலும் அரச உத்தியோகத்தரோடு தமிழில் அலுவல் பார்க்கிற உரிமை 22ஆம் உறுப்புரையில் இருக்கு. ஆர்ட்ஸ் ஃபெகல்ட்டியில் இதைப் பாடமாக்கி எக்ஸாமில் எழுதி மார்க்ஸ் எடுத்தவர்கள் நாங்கள். அந்த ஒழுங்கையில் நிற்கும்போது எங்களில் ஒருத்தருக்கும் வாய் வரேல்ல. 'தமிழில எழுதித் தாங்க' என்ற மூன்று சொல். சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று தெரியாது. சொல்லவே இல்லை என்பதுதான் இப்பவும் உறுத்துது.

அங்கிள் ஏன் வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிறார் என்பதை 'பயந்த சுபாவம்' என்று முடித்துவிட ஏலாது. கொழும்பில் யார் வீட்டில் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பதிவுத் தாள் நிரப்பிக் கொடுத்த தலைமுறை அது. 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து லொட்ஜ்களில் இருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் விடியப்புறம் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். எங்களுக்கு அப்போது நினைவு வராத வயசு. அங்கிளுக்குத் தெரிந்த ஒரு லொட்ஜும் அதில் இருந்தது. சீருடை ஒரு தாளை நீட்டினால் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சேருகிறது அந்தக் காலத்தில் புத்திசாலித்தனம். ஆனால் அதே கதையின் மறுபாதியை எங்கட வீடுகளில் யாரும் சொல்வதில்லை. அடுத்த நாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

சின்னத் தொகைக்கு நீதிமன்றம் ஏறினவர்களும் எங்களிடையே இருந்திருக்கிறார்கள். செல்லையா கோடீஸ்வரன் அரசாங்க எழுதுவினைஞர். சிங்களப் பரீட்சை எழுத மறுத்ததால் 1962இல் அவருடைய சம்பள உயர்வை நிறுத்தினார்கள். வழக்குப் போட்டார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார், 1967இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார், 1969இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், அரச ஊழியர் தன் சம்பளத்துக்காக அரசின் மேல் வழக்குப் போடலாம் என்ற தீர்ப்பை எடுத்தார். மொழிச் சட்டம் செல்லுமா என்ற பெரிய கேள்விக்குக் கடைசிவரை பதில் கிடைக்கேல்ல. ஆனாலும் ஒரு கிளார்க்கின் சம்பள உயர்வுக்காக அரசாங்கம் ஏழு வருஷம் நீதிமன்றத்தில் நின்று பதில் சொல்ல வேண்டி வந்தது.

எல்லாரும் கோடீஸ்வரன் ஆகவேணும் என்று நாங்கள் கேட்கவில்லை, நாங்களே அன்றைக்கு ஆகவில்லை. தண்டப்பணமே பிழை என்றும் சொல்லவில்லை. அந்த ஒழுங்கைகளில் குடியிருக்கிறவர்களைக் கேளுங்கள், கல்யாண நாட்களில் சொந்த கேட்டுக்குள் கார் விட முடியாமல் அவர்கள் படுகிற பாடு தெரியும். அம்புலன்ஸ் போக வழி வேணும். அதற்காகத்தான் சொல்கிறோம், போர்டைத் தெரிகிற மாதிரி வையுங்கள். தெரியாத போர்ட் யாருடைய கேட்டையும் காப்பாற்றாது. தண்டம் வசூலாகும், அடுத்த நாள் இன்னொரு ஓட்டோ அதே இடத்தில் நிற்கும்.

அங்கிளின் காசைக் கூடிப் போட்டு நாங்களே கட்டினோம். வாங்க மாட்டேன் என்றார், மகளின் கையில் திணித்தோம். பிறகு மூன்று பேர் திரும்பவும் அந்த ஒழுங்கைக்குப் போய், சாரதி இருக்கையின் உயரத்தில் இருந்து, ஒழுங்கைக்குள் திரும்புகிற கோணத்தில் கம்பத்தைப் படம் எடுத்தோம். இது அன்றைக்கே, அந்த இடத்திலேயே செய்திருக்க வேண்டிய வேலை. உங்களுக்கு நடந்தால் முதலில் படம் எடுங்கள், தாளில் எழுதினதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு பேனாவைத் தொடுங்கள். கட்டுறதா மறுக்கிறதா என்று யோசிக்க 14 நாள் இருக்கு. றோட்டில் நின்றே முடிவெடுக்கத் தேவையில்லை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இப்போது ஒரு விண்ணப்பமும் எழுதியிருக்கிறோம், தமிழில். அந்த ஒழுங்கையில் தரிப்புத் தடை யாருடைய தீர்மானம், எப்போது எடுத்தது, குழாய்க்கு வெட்டி மூடின பிறகு கோடு திரும்பப் போட்டது எப்போது. மூன்றே கேள்விகள். முடிவெடுக்க அவர்களுக்கு 14 வேலை நாட்கள் இருக்கு. சனி ஞாயிறு, போயா எல்லாம் கழித்துத்தான். எங்கட 14 நாளில் ஒரு போயாவும் கழியாது. தகவல் வந்து சேரும்போது தண்டப்பணத்தின் தவணை முடிந்திருக்கும் என்பதை விண்ணப்பம் எழுதி முடித்த பிறகுதான் கவனித்தோம்.

அங்கிளிடம் கடிதத்தைக் காட்டினோம். முழுக்க வாசித்தார், ரெண்டு தரம். தமிழ் நல்லா இருக்கு என்றார்.

"இதில எங்கயும் என்ட பேர் இல்லத்தானே?"

"இல்ல அங்கிள். எங்கட பேர்தான்."