அம்மாவின் ‘இன் த பஸ்’

போனில் அம்மா “ஐ ஆம் இன் த பஸ்” என்று சொல்லுவா. “‘ஆன் த பஸ்’ அம்மா!” என்று நாங்கள் சிரிப்போம்.

இங்கே மொன்றியலில் என்னோடு வேலை செய்யும் பிரெஞ்சுக்காரர் சிலரும் “இன் த பஸ்” என்றுதான் சொல்கிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. ஏன்?

பிழைக்குக் காரணம் ஒன்றுதான். ஆங்கிலத்தில் பஸ்ஸுக்கு ‘ஆன்’, காருக்கு ‘இன்’. தமிழில் பஸ்ஸில், காரில். இரண்டுக்கும் ஒரே ‘இல்’. பிரெஞ்சிலும் இரண்டுக்கும் ஒரே சொல்.

1977இல் வந்த 101ஆம் சட்டத்தால் எங்களில் அநேகம் பேர் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். இது எங்களுக்கு விளங்காவிட்டால் யாருக்கு விளங்கும்? அம்மா தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுறா. அடுத்தமுறை திருத்துங்கள், தம்பி தங்கச்சிமாரே, சிரிக்காதீர்கள்.