ஆற்றோரம் மேயும் மாடுகளைக் கணக்கெடுப்பது எதற்கு?

கேள்வி: ''அமெரிக்காவில் ஆற்றங்கரையில் மாடு மேய்கிறதா என்று தன்னார்வலர்கள் நடந்தே போய்க் கணக்கெடுக்கிறார்களாமே, அது எதற்கு? மாடு மேய்ந்தால் ஆறு கெட்டுவிடுமா? மாடு வைத்திருப்பவர்களுக்கு இதனால் தொல்லைதானே?''

பதில்: அந்த நாட்டின் தென்மேற்கே, அரிசோனா மாநிலத்தில் சான் பெட்ரோ என்று ஓர் ஆறு இருக்கிறது. மெக்சிகோவில் பிறந்து வடக்கு நோக்கி ஓடுகிறது. சுற்றிலும் வறண்ட பூமி. இந்த ஆற்றின் இருகரையிலும் சுமார் 57,000 ஏக்கரை 1988-ம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டின் கடைசியிலேயே பெரும்பகுதியில் மாடுகளை வெளியேற்றிவிட்டார்கள்.

பலன் சீக்கிரமே தெரிந்தது. கரையில் புல், பூண்டு பல மடங்கு அடர்ந்தது. 1986-ல் ஒரு கிலோமீட்டருக்கு 103 பறவைகள் கணக்கில் வந்தன. 1991-ல் அது 221 ஆனது.

காரணம் எளிது. வறண்ட நாட்டில் மாட்டுக்குத் தண்ணீர், நிழல், பச்சை மூன்றும் கிடைக்கும் ஒரே இடம் ஆற்றங்கரைதான். வந்த மாடு நகராது. அங்கே காட்டன்வுட், வில்லோ என்ற மரங்கள்தான் கரையைப் பிடித்து நிற்கின்றன. காட்டன்வுட் விதை, வெள்ளம் வடிந்த ஈர மணலில்தான் முளைக்கும். அந்த முளையை மாடு விரும்பித் தின்னும். பெரிய மரங்கள் நிற்பதால் பார்வைக்குக் கரை செழிப்பாகவே தெரியும். ஆனால், கீழே இளங்கன்று ஒன்றுகூட இருக்காது. கிழ மரங்கள் விழுந்தால், அந்த இடத்துக்கு வேறு மரம் வராது. குளம்பு பட்டுக் கரை சரிந்தால், ஆறு அகன்று ஆழம் குறையும்.

மாடுகளை வெளியேற்றியதோடு வேலை முடிந்துவிடவில்லை. வெள்ளம் வந்தால் ஆற்றுக்குக் குறுக்கே போட்ட கம்பிவேலி அடித்துக்கொண்டு போய்விடும். அந்த வழியாகப் பக்கத்துப் பண்ணை மாடுகள் உள்ளே வந்துவிடும். பல மைல் நீளக் கரையை அரசு ஊழியர்கள் மட்டும் பார்த்து முடியாது. இதுபோன்ற ஆறுகளில்தான் தன்னார்வலர்கள் உதவுகிறார்கள்.

அவர்கள் கவனிப்பவை இவை:

* மாடு, சாணம், குளம்படி எங்கே இருக்கின்றன? தேதியோடும் இடக்குறிப்போடும் படம் எடுக்கிறார்கள்.

* இளங்கன்றுகளின் நுனி கடிபட்டிருக்கிறதா? மாட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வளர்ந்துவிட்டால் மரம் தப்பிவிடும்.

* மேய்ச்சலுக்குப் பிறகு கரையோரப் புல் எவ்வளவு மிச்சம்? அங்கே பொதுவாக 10 முதல் 15 செ.மீ. நிற்க வேண்டும் என்கிறார்கள். அந்தப் புல்தான் வெள்ளத்தில் வண்டலைப் பிடித்து வைக்கும்.

* வேலி அறுந்த இடம் எது?

மான் கடித்ததையும் மாட்டின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அதனால் சாணம், குளம்படி பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மாட்டை விரட்டுவதோ, உரிமையாளரிடம் சண்டைக்குப் போவதோ தன்னார்வலர் வேலையில்லை. எழுதிய விவரத்தை அரசின் நில மேலாண்மைத் துறையிடம் கொடுப்பதோடு சரி. அத்துமீறி நுழைந்த மாடுகளைப் பிடித்துப் பவுண்டில் அடைக்க அந்தத் துறைக்கு அதிகாரம் உண்டு.

மாடு வைத்திருப்பவருக்கு இதில் நெருக்கடி இல்லாமல் இல்லை. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் வேலி போடுவது செலவு. பவுண்டில் மாட்டினால் அபராதம் வேறு. ஆனால், தொலைந்த மாடும் அவருக்கு நஷ்டம்தான். வேலி எங்கே அறுந்தது என்பது சீக்கிரம் தெரிந்தால் அவருக்கும் லாபமே. அதோடு, 'உங்கள் மாடுதான் கெடுத்தது', 'இல்லை, வெள்ளம்தான் கெடுத்தது' என்ற வாய்ச்சண்டைக்குப் பதிலாக, இருவரும் ஒரே படத்தைப் பார்த்துப் பேச முடியும்.

மேய்ச்சல் அனுமதி உள்ள இடங்களில் தீர்வும் பெரிய வித்தையில்லை. மேட்டில் தண்ணீர்த் தொட்டி வைக்கலாம். உப்புக்கட்டியைத் தண்ணீரிலிருந்து குறைந்தது 400 மீட்டர் தள்ளி வைக்கலாம். மாடு தானாகவே கரையை விட்டு நகரும். முளை விடும் பருவத்தில் மட்டும் கரைக்கு ஓய்வு கொடுக்கலாம்.

அந்த நாட்டுப் புல்லின் அளவு நம் ஓடைக்கு அப்படியே பொருந்தாது. ஆனால், அவர்கள் பார்க்கும் விதம் பொருந்தும். ஆடு, மாடு மேய்க்கும் ஓடைக்கரையில் ஒரே இடத்தில் நின்று, மழைக்கு முன்பும் பின்பும் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் போதும். அடியில் இளங்கன்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, மூன்று வருடப் படங்களைப் பக்கத்தில் வைத்தால், கரை தேறுகிறதா, தேய்கிறதா என்பது தெரிந்துவிடும்.