எடை குறைக்கும் மாப்பானங்கள்: சிகிச்சையா, சந்தையா?

ஒரு வேளைச் சோற்றைத் தவிர்த்துவிட்டு ஒரு கோப்பை மாப்பானத்தை அருந்தினால் உடல் எடை தானாகவே குறைந்துவிடும் என்ற விளம்பரம் இன்று கொழும்பு மாநகரின் உடற்பயிற்சி நிலையங்களோடு நின்றுவிடவில்லை. கைத்தொலைபேசி சென்றடைந்த இடமெல்லாம் அதுவும் சென்றடைந்துள்ளது. கொழும்பு–புத்தளம் பிரதான வீதியிலிருந்து கற்பிட்டிக்குப் பாதை பிரியும் பாலாவியும் அதற்கு விதிவிலக்கல்ல. உப்பளங்களுக்கும் களப்புக்கும் அருகில் வாழும் இப்பகுதி மக்களிடம் ‘ஷேக்’ என்ற சொல்லுக்குப் பொருள் கூற வேண்டிய நிலை இன்று இல்லை. ஆனால் அந்த டின்னுக்குள் இருப்பது என்ன, அது யாருக்கு உதவும், யாருக்குத் தீங்கு செய்யும் என்பது பற்றிய தெளிவு பரவவில்லை. அத்தெளிவை ஏற்படுத்துவது காலத்தின் தேவை என நாம் கருதுகின்றோம்.

முதலில் பிரச்சினையின் பாரதூரத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். 2005–2006 காலப்பகுதியில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வின்படி இலங்கையின் வயதுவந்தோரில் ஏறத்தாழ 10 சதவீதமானோர் நீரிழிவுக்கு உள்ளாகியிருந்தனர். 2018–2019 இல் நடத்தப்பட்ட தேசிய மட்ட ஆய்வொன்று அத்தொகை 23 சதவீதத்தை எட்டிவிட்டதாக மதிப்பிட்டது. ஆய்வு முறைகளில் வேறுபாடு இருக்கலாம். எனினும் போக்கு எத்திசையில் செல்கின்றது என்பதில் ஐயமில்லை. தெற்காசியர்களாகிய எமக்கு மேலைநாட்டவரை விடக் குறைந்த எடையிலேயே இந்நோய் வந்துவிடுகின்றது. இதனாலேயே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல், ஆசிய மக்களைப் பொறுத்தவரை உடற்திணிவுச் சுட்டெண் 23 ஐத் தாண்டும்போதே விழிப்படைய வேண்டும் என எடுத்துக்கூறியது. எனவே எடையைக் குறைக்க விரும்பும் ஒருவரை அழகுப் பித்துக் கொண்டவர் என ஒதுக்கிவிட முடியாது. பலருக்கு அது உயிர் காக்கும் முயற்சியாகும்.

புத்தளம் மாவட்டத்தில் இதற்கு ஒரு தனி வரலாறும் உண்டு. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும் எண்ணிக்கையானோர் புத்தளம், பாலாவி, கற்பிட்டிப் பகுதிகளிலேயே தஞ்சமடைந்தனர். வயலையும் தோட்டத்தையும் கடலையும் நம்பி வாழ்ந்த மக்கள் ஓலைக் குடிசைகளில், உலர் உணவு நிவாரணத்தில் ஆண்டுக்கணக்கில் காலங்கழிக்க நேர்ந்தது. அரிசி, மா, சீனி, பருப்பு என்பனவே அந்நிவாரணப் பொதி. உடலுழைப்புக்கான நிலம் பறிபோய், மாப்பொருளும் சீனியுமே உணவாகிய ஒரு சமூகத்தின் பெற்றோர் தலைமுறை இன்று முதுமையை எட்டியுள்ளது. எடையும் நீரிழிவும் தனிமனித ஒழுக்கக் குறைபாட்டால் மட்டும் விளைபவை எனப் பேசுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இனி மாப்பானத்துக்கு வருவோம். சந்தையில் விற்கப்படும் எல்லா மாவும் உணவுக்கு ஈடான பானமாகிவிடாது. சர்வதேச உணவு நியமங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு 1991 இல் இதற்கென ஒரு நியமத்தை வெளியிட்டது. அதன்படி ஒரு வேளை உணவுக்குப் பதிலாக அமையும் தயாரிப்பு 200 கிலோ கலோரிக்குக் குறையாமலும் 400 ஐ விஞ்சாமலும் சக்தி வழங்க வேண்டும். அச்சக்தியின் காற்பங்கு முதல் அரைப்பங்கு வரை புரதத்திலிருந்து கிடைக்க வேண்டும். குறித்துரைக்கப்பட்ட விற்றமின்களும் கனியுப்புகளும் அதில் அடங்க வேண்டும். உடற்கட்டுக்கென விற்கப்படும் புரத மா, ‘கொழுப்பைக் கரைக்கும்’ தேயிலை, சத்துமா என்பன இவ்வகையைச் சேர்ந்தவையல்ல. இந்த வேறுபாட்டை மறைத்தே வியாபாரம் பெரிதும் நடைபெறுகின்றது.

முறையாகத் தயாரிக்கப்பட்ட பானங்கள் பயனற்றவை என்று கூறுவது உண்மைக்குப் புறம்பாகும். 2019 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 23 ஆய்வுகளையும் அவற்றில் பங்குபற்றிய 7,884 பேரையும் கருத்திற்கொண்டது. ஓராண்டு முடிவில் மாப்பானம் பயன்படுத்தியோர், ஏனைய உணவுக் கட்டுப்பாட்டு முறைகளைப் பின்பற்றியோரை விடச் சராசரியாக 1.44 கிலோகிராம் மேலதிகமாக எடை குறைந்திருந்தனர். நன்மை உண்டு, ஆனால் அது விளம்பரம் காட்டும் அதிசயம் அன்று.

இதைவிடக் கவனத்துக்குரியது பிரித்தானியாவில் 306 நீரிழிவு நோயாளரிடையே நடத்தப்பட்ட ‘டைரெக்ட்’ எனும் ஆய்வாகும். அதன் முடிவுகள் 2017 டிசம்பரில் லான்செட் சஞ்சிகையில் வெளியாகின. நோய் கண்டறியப்பட்டு ஆறாண்டுகளுக்கு உட்பட்ட, இன்சுலின் பயன்படுத்தாத நோயாளர்கள் மூன்று முதல் ஐந்து மாதங்கள் வரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கிலோ கலோரி கொண்ட பானங்களை மட்டுமே உட்கொண்டனர். ஓராண்டின் பின் அவர்களில் 46 சதவீதத்தினர் மருந்தின்றியே நீரிழிவு தணிந்த நிலையை அடைந்திருந்தனர். வழமையான சிகிச்சை பெற்றோரில் இது 4 சதவீதமாகும். நீரிழிவு வந்தால் வாழ்நாள் முழுவதும் மாத்திரைதான் என்ற எண்ணத்தை இவ்வாய்வு அசைத்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் விளம்பரங்கள் கூறாது விடும் பகுதியே முக்கியமானது. அந்நோயாளர்கள் பானத்தைத் தாமாகவே வாங்கிக் குடிக்கவில்லை. முதல் நாளிலேயே அவர்களது நீரிழிவு, குருதியமுக்க மாத்திரைகள் வைத்திய மேற்பார்வையில் நிறுத்தப்பட்டன. பயிற்சி பெற்ற தாதியரோ போசாக்கு ஆலோசகரோ தொடர்ந்து அவர்களைச் சந்தித்தனர். பானத்திலிருந்து வழமையான உணவுக்குத் திரும்புவதற்கும் படிப்படியான திட்டம் இருந்தது. இவ்வளவு இருந்தும், இரண்டாம் ஆண்டில் நோய் தணிந்தோர் 36 சதவீதமாகக் குறைந்தனர். ஐந்தாண்டு வரை தொடர்ந்து கண்காணிக்கப்பட்டோரில் 13 சதவீதத்தினரே அந்நிலையில் நீடித்தனர். எடையைக் குறைப்பதை விடக் குறைந்த எடையைக் காப்பதே கடினம் என்பதை இது உணர்த்துகின்றது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரமுகர் ஓப்ரா வின்ஃப்ரே 1988 இல் திரவ உணவின் மூலம் 67 இறாத்தல் எடை குறைத்ததாக உலகறிய அறிவித்தார். வழமையான உணவுக்குத் திரும்பியதும் அந்த எடை மீண்டும் ஏறியது. வசதி படைத்தவருக்கே இதுவெனில் ஏனையோர் நிலை பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மேற்பார்வையின்றி இதே முறையைப் பின்பற்றினால் நேரக்கூடியதை எண்ணிப் பார்ப்போம். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் ஒரு தாய், அயலவர் சொல்கேட்டு இரண்டு வேளை உணவை நிறுத்திப் பானத்தை மட்டும் அருந்துகின்றார் எனக் கொள்வோம். மருந்தின் அளவு குறைக்கப்படாவிட்டால் குருதியில் சீனி ஆபத்தான மட்டத்துக்கு வீழ்ந்து அவர் மயங்கிவிழலாம். மறுபுறம், ‘இம்மா நோயையே குணப்படுத்தும்’ என்ற பேச்சை நம்பி மாத்திரையைக் கைவிட்டால் சீனி ஏறி, கண்ணும் சிறுநீரகமும் பாதிப்புறலாம். குருதியமுக்க மாத்திரை எடுப்போருக்குத் தலைச்சுற்று ஏற்படலாம். கடும் வெயிலில் உப்பளத்தில் பணிபுரியும் தொழிலாளிக்கு இது மேலும் ஆபத்தானது. விரைவான எடைக் குறைப்பு பித்தப்பைக் கற்களுக்கும் வழிவகுக்கும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுவர்கள், சிறுநீரக நோயாளர் ஆகியோர் இத்தகைய கடும் கட்டுப்பாட்டை வைத்திய ஆலோசனையின்றி நாடவே கூடாது.

இவ்வெச்சரிக்கை வெறும் பயமுறுத்தலன்று. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தரங்குறைந்த புரதத் திரவத்தை மட்டுமே உணவாகக் கொண்ட ‘இறுதி வாய்ப்பு’ உணவுமுறை பிரபலமடைந்தது. அதனைத் தொடர்ந்து ஏறத்தாழ அறுபது மரணங்கள் பதிவாகின. பிற்காலத்தில் வந்த நியமங்களுக்குப் பின்னால் அந்தப் படிப்பினையும் உண்டு. இதயத்துக்குத் தீங்கு விளைவிப்பதால் 2010 இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மீளப்பெறப்பட்ட சிபுட்ரமின் எனும் மருந்து, அதன் பின்னரும் பல நாடுகளில் ‘இயற்கை மூலிகை’ எனப் பெயரிட்ட மெலிவு தயாரிப்புகளில் இரகசியமாகக் கலக்கப்பட்டமை கண்டறியப்பட்டுள்ளது. முகவரியற்ற பொதியில் வரும் மாவை அருந்துவோர் இதனை மனங்கொள்வது நன்று.

முஸ்லிம் வாசகர்களுக்கு மேலும் இரு விடயங்களைச் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. ஒன்று, ஹலால் பற்றியது. இம்மாக்களில் சேர்க்கப்படும் கொலாஜன், ஜெலட்டின் என்பன விலங்கிலிருந்தே பெறப்படுகின்றன. பாற்புரதத் தயாரிப்பில் பயன்படும் நொதியமும் விலங்கிலிருந்து பெறப்பட்டிருக்கலாம். 2013 ஆம் ஆண்டின் சர்ச்சைகளை அடுத்து அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா சான்றிதழ் வழங்கும் பொறுப்பிலிருந்து விலகியதும், அப்பணியை ஹலால் அங்கீகாரப் பேரவை ஏற்றது. தனியார் மூலம் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்படும் டின்கள் இந்த ஏற்பாட்டுக்கு உட்படாதவை என்பதை மறந்துவிடலாகாது. மற்றையது, றமழான் பற்றியது. ஸஹரில் ஒரு கோப்பை பானம், இப்தாரில் ஒரு கோப்பை பானம் என நோன்பையே எடைக் குறைப்புத் திட்டமாக மாற்றுவது வணக்கத்தின் நோக்கத்தோடும் பொருந்தாது, நீரிழிவு நோயாளருக்குப் பாதுகாப்பானதும் அன்று. நோன்பு நோற்க விரும்பும் நோயாளர்கள் றமழானுக்கு முன்பே வைத்தியரைச் சந்தித்து மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்வதே முறையாகும்.

விற்பனை முறையும் ஆராயப்பட வேண்டியது. இம்மாக்களில் கணிசமானவை கடையில் அல்ல, உறவின் வழியாகவே விற்கப்படுகின்றன. வாங்கியவரே விற்பவராகின்றார், அவர் மேலும் சிலரைச் சேர்த்தால் இலாபம் என்கின்றனர். 2016 இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவுடன் ஏற்பட்ட இணக்கத்தின்படி ஹேர்பலைஃப் நிறுவனம் 200 மில்லியன் டொலர் செலுத்தவும், ஆட்சேர்ப்புக்கன்றி உண்மையான விற்பனைக்கே ஊதியம் கிடைக்குமாறு தனது முறையை மாற்றவும் நேர்ந்தது. அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 3,50,000 பேருக்கு இழப்பீட்டுக் காசோலைகள் அனுப்பப்பட்டன. இலங்கையில் பிரமிட் திட்டங்கள் வங்கித்தொழில் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டவை. பொருள் ஒன்று கைமாறுவதால் மட்டும் ஒரு திட்டம் நேர்மையானதாகிவிடாது. வெளியில் சென்று தொழில் செய்ய வாய்ப்பற்ற எமது பெண்கள், கணவர் வளைகுடாவிலிருந்து அனுப்பும் பணத்தை இதில் முதலிட்டு, விற்காத டின்களோடும் முறிந்த உறவுகளோடும் எஞ்சிவிடக் கூடாது.

அப்படியாயின் மாற்று வழி என்ன? அது எம் அருகிலேயே உள்ளது. 100 கிராம் மீனும் அதேயளவு அவித்த கடலையும் ஒரு கிண்ணம் கீரையும் ஏறத்தாழ 300 கிலோ கலோரியையும் 30 கிராமுக்கு அண்மித்த புரதத்தையும் தருகின்றன. கோடெக்ஸ் நியமம் மாப்பானத்துக்கு விதிக்கும் சக்தி, புரத அளவுகளுக்குள் இத்தட்டும் அடங்கிவிடும். மாவில் சேர்க்கப்படும் எல்லா விற்றமின்களும் ஒரே தட்டில் கிடைக்காது என்பது உண்மையே. நாள் முழுவதும் பலவகை உணவை உண்போருக்கு அது குறையாகாது. களப்பு மீனும் கற்பிட்டி மரக்கறியும் விளையும் மண்ணில் டின் மாவை மட்டுமே வழியெனக் கருத வேண்டியதில்லை. மேலும், நாளொன்றுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரு தேக்கரண்டி சீனி எனக் கணக்கிட்டால் 160 முதல் 200 கிலோ கலோரி உடலில் சேர்கின்றது. நாம் குடிப்பதாக உணராத ஒரு ‘ஷேக்’ அது. சீனியற்ற தேநீர் எவருக்கும் தரகுப் பணம் தராததால் அதற்கு விளம்பரமும் இல்லை.

அரசாங்கத்துக்கும் இதில் கடமை உண்டு. 1973 இல் ஆரம்பிக்கப்பட்ட திரிபோஷ திட்டத்தின் மூலம் சோளமும் சோயாவும் கலந்த சத்துமாவைக் கர்ப்பிணிகளுக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் இலவசமாக வழங்கும் நாடு இது. ஒரே வீட்டில் பேரக்குழந்தை எடை கூடத் திரிபோஷவும், பாட்டி எடை குறைய விலையுயர்ந்த மாவும் உண்ணும் காலம் வந்துள்ளது. முன்னையது சுகாதாரத் துறையின் கண்காணிப்பில் வழங்கப்படுகின்றது. பின்னையதோ கைத்தொலைபேசிச் செய்தியொன்றின் உத்தரவாதத்தில் விற்கப்படுகின்றது. உணவுச் சட்டத்தின் கீழ் இத்தயாரிப்புகளின் சுட்டுத்துண்டுகளும் நோய் தீர்க்கும் வாக்குறுதிகளும் பரிசோதிக்கப்பட வேண்டும். எச்சரிக்கைகள் தமிழிலும் அச்சிடப்பட வேண்டும். அரச வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் எடை, குருதியமுக்கம், சீனி என்பன இலவசமாகப் பரிசோதிக்கப்படுகின்றன. அங்கு தமிழ் பேசும் போசாக்கு ஆலோசகர்கள் இருப்பது உறுதிப்படுத்தப்பட வேண்டும். பெண்கள் தயக்கமின்றி நடைப்பயிற்சி செய்வதற்கான இடங்களை உள்ளூராட்சி மன்றங்கள் ஒதுக்குவதும் அவசியமாகும்.

சமூகத்தின் பங்கும் சிறிதன்று. பள்ளிவாசல் நிருவாகங்களும் கோயில் பரிபாலன சபைகளும் வைத்தியர்களை அழைத்து இது பற்றிப் பேசச் செய்யலாம். உணவில் மிதம் பேணுவதை நபிவழியும் போதிக்கின்றது. வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் வலியுறுத்துவதும் அளவறிந்து உண்பதையே. மணப்பெண்ணின் உடல் அளவைப் பேசி அவளைப் பட்டினிக்குத் தள்ளும் வழக்கத்தையும் நாம் கைவிட்டாக வேண்டும்.

வைத்தியரின் கைப்பிடியில் மாப்பானம் ஒரு கருவி. தரகரின் கைப்பிடியில் அது வெறும் சரக்கு. அதனைத் தொடங்க எண்ணும் ஒவ்வொருவரும், விற்பவரிடம் விலையைக் கேட்பதற்கு முன்னர், தாம் எடுக்கும் மருந்துகளின் பட்டியலோடு ஒருமுறை வைத்தியசாலைப் படியேற வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.