ஒரே முறை, ஒரே உணவல்ல

ஆகார நிபுணர் உள்ளிட்ட வைத்தியத் துணைத் தொழிலாளருக்குத் தேசமெங்கும் ஒரே தரமான கல்வி வேண்டுமென்று 2021-ம் வருஷத்துச் சட்டம் விதித்தது. 2025-ல் இந்திய சர்க்கார் ஆகார நிபுணருக்குரிய பாடத்திட்டத்தையும் வெளியிட்டனர். இதை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம். ஆனால், பட்டம் ஒன்றாவது மட்டும் போதாது. ரோகியின் படுக்கையருகே நடக்கும் காரியமும் ஒரு முறைக்கு வரவேண்டும்.

நீரிழிவால் சிறுநீரகம் கெட்ட உத்திரமேரூர்க் குடியானவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 'அரிசியைக் குறைத்துப் பருப்பைச் சேர்' என்கிறது முதற் சீட்டு. 'பருப்பைக் குறை' என்கிறது இரண்டாவது. டயாலிஸிஸ் ஆரம்பித்தபின், 'முட்டையும் பருப்பும் அதிகம் வேண்டும்' என்கிறது மூன்றாவது. அந்தந்தக் கட்டத்தில் மூன்றுமே சரியாயிருக்கலாம். ஏன் மாறிற்று என்பதை யாரும் எழுதவில்லை; சொல்லவுமில்லை. அவர் மூன்றையும் எறிந்துவிட்டு, உறவினர் அன்புடன் கொணர்ந்த இளநீரைப் பருகுகிறார். பொட்டாசியம் மிகுந்த அந்த இளநீர் அவருடைய இருதயத்தையே நிறுத்திவிடக்கூடும்.

இக்குழப்பத்தைத் தீர்க்கவே அமெரிக்க ஆகார நிபுணர் சங்கம் 2003-ல் நான்கு படிகள் கொண்ட முறையொன்றை ஏற்றது. ரோகியின் நிலையையும் அன்றாட ஆகாரத்தையும் அறிதல். போஷணைக் குறையையும் அதன் காரணத்தையும் நிர்ணயித்தல். தக்க ஆகாரத்தை வகுத்தல். பலனைத் தொடர்ந்து கவனித்தல். ஒவ்வொன்றையும் பொதுவான பரிபாஷையில் எழுதிவைத்தால், அடுத்து வரும் நிபுணர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அந்நிய முறை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஆகார ஆராய்ச்சியில் நாம் யாருக்கும் பின்தங்கியவர்களல்லர். 1918-ல் குன்னூரில் ஒரே அறையில் தொடங்கிய ஆராய்ச்சி, 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய போஷணை ஸ்தாபனமாக விளங்குகிறது. நமது உணவுப் பொருள்களின் சத்துக்களை அளந்த அட்டவணைகள் நம்மிடம் உள்ளன. குறைவாயிருப்பது அறிவன்று; அவ்வறிவை ஒழுங்காகக் கையாளும் பழக்கமே. மேலும், ஒரே முறை என்றால் ஒரே உணவு என்பதன்று. முறை பொதுவாயிருக்கலாம், இலையில் விழுவது சோறும் கேழ்வரகும் கீரையுமாகவே இருக்கலாம். ஓட்ஸ் வாங்கச் சொல்லும் சீட்டு ஏழைக்கு வெறுங் காகிதமே.

ஆகவே, பயிற்சி சென்னையோடு நின்றுவிடலாகாது. மருத்துவக் கல்லூரியும் சர்வகலாசாலையும் அமைந்து, நெல் விளையும் கிராமங்கள் சூழ்ந்த ஏனாத்தூர் போன்ற இடங்களிலேயே நிபுணர்கள் பழக வேண்டும். கரண்டியும் டம்ளரும் அளவாக, சீட்டுத் தமிழில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, போதிய உத்தியோகங்கள் வேண்டும். பல வார்டுகளுக்கு ஒரே நிபுணரை வைத்துக்கொண்டு நான்கு படிகளையும் பூர்த்தி செய்யச் சொன்னால், படிவம் நிறையும்; ரோகி பழையபடியே இருப்பார்.

பத்தியம் நமக்குப் புதிதல்ல. காரணம் விளங்கிய பத்தியத்தையே மனிதன் அனுஷ்டிப்பான். அக்காரணத்தை ரோகிக்கு விளக்க நிபுணருக்கு அவகாசம் அளிப்பது சர்க்காரின் கடமை.